விநாடிக்கு ஐம்பது சுற்று

விழிப்பு மணி அடித்ததும் டைட்டன் குடியேற்றத்தின் நானூறு பேரும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து இடது கையை உதறத் தொடங்கினார்கள். மணிக்கட்டு எலும்பில் பதித்த அசைவுமானி அன்றைய கணக்கை அப்போதுதான் ஆரம்பிக்கும். அசைவு அதிகமானவருக்கு மின்சாரத்தில் முன்னுரிமை. காப்பி குடிக்கும்போதும் உதறினார்கள். பாதிக் காப்பி சட்டைக்குத்தான் போயிற்று.

பொற்கொடி உதறவில்லை, மருத்துவக் கூடத்துக்கு ஓடினாள். நுரையீரலில் உறைபனி ஏறிய அவள் கணவன் நன்மாறன் அங்கே வெதுவெதுப்பறையில் கிடந்தான். முப்பது டிகிரி இருக்க வேண்டிய அறையில் இன்று பதினெட்டு. இன்னும் இறங்கினால் அவன் பிழைக்கமாட்டான்.

"அசையாம கிடக்கிறவனுக்கு யாரு கரண்ட் குடுப்பா? நீ போய் உன் இஞ்சினைப் பாரு கொடி" என்றான், பல் தந்தியடிக்க.

குடியேற்றத்தின் வெப்பப்பொறிக்குப் பொறியாளரே அவள்தான்.

பொறி எளிமையானது. அணுச்சூட்டில் வாயு விரியும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நூற்றெண்பது டிகிரிக் குளிரில் சுருங்கும். அது ஒரு சுற்று. அதில் கிடைக்கும் உந்தல் மின்னாக்கியைச் சுழற்றும். முன்பெல்லாம் விநாடிக்கு இருபத்தைந்து சுற்று, சுற்றுக்கு இருபது கிலோஜூல், ஆக ஐந்நூறு கிலோவாட். பிறகு நிர்வாகி துரைக்கண்ணு பொறிக்கும் ஒரு அசைவுமானி மாட்டி, எண்ணைப் பொதுக்கூடத்துப் பலகையில் விழிப்பு மணி முதல் உறக்க மணி வரை ஒளிரவிட்டு, ஐம்பதாக்கச் சொன்னார். வாயுவுக்குச் சூடேறவும் நேரமில்லை, ஆறவும் நேரமில்லை. சுற்றுக்கு ஆறு கிலோஜூல்தான் தேறியது. பலகையில் ஐம்பது ஜொலித்தது. கம்பியில் வந்தது முந்நூறு கிலோவாட்.

"ஐயா, வேகத்தைக் குறைச்சா கரண்ட் கூடும்" என்று அவரிடம் போய் நின்றாள்.

"என்னம்மா பேசறே? சோம்பேறி மிஷின் எங்கேயாவது கரண்ட் குடுக்குமா?" மேசைக்கடியில் அவர் வலது கால் விநாடிக்கு ஐந்து முறை ஆடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு முழங்காலிலும் ஒரு மானி உண்டு.

"வாயுவுக்குக் கொஞ்சம் டைம் வேணுங்க."

"எனக்கே டைம் இல்லை. வாயுவுக்கு என்ன டைம்?"

பொற்கொடி அந்தக் காலையே பார்த்தாள். ஐந்து. பத்தால் பெருக்கினால் ஐம்பது.

திரும்பி வந்து, பொறியின் மானியைப் பலகையிலிருந்து கழற்றினாள். துரைக்கண்ணுவின் முழங்கால் மானி அனுப்பும் அலையை, பத்து மடங்காக்கும் பெருக்கி ஒன்றின் வழியே பலகையோடு இணைத்தாள். பிறகு பொறியை இருபத்தைந்துக்கு இறக்கினாள். விளக்குகள் பளிச்சென்றன. மாலைக்குள் வெதுவெதுப்பறை முப்பதைத் தொட்டது. பலகையைப் பார்த்த துரைக்கண்ணுவுக்குப் பூரிப்பில் கால் இன்னும் துள்ளியது. ஐம்பத்தாறு!

மூன்றாம் நாள் மதியம் அவருக்குப் பாராட்டு விருந்து. வயிறு நிறைய, மனமும் நிறைய, அறைக்குப் போய் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். கால் நின்றது.

பலகையில் பூஜ்யம்.

"கரண்ட் போச்சு! இஞ்சின் நின்னுபோச்சு!" நானூறு பேரும் அலறினார்கள். தலைக்குமேல் அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்னுரிமைக்காக எல்லோரும் கையை உதறினார்கள். பொறி நின்றால் முதலில் மருத்துவக் கூடத்தைத் துண்டிக்க வேண்டும் என்பது விதி. காவலர் இருவர் மின்இணைப்புப் பெட்டியை நோக்கி ஓடினார்கள்.

"லைட்டைப் பாருங்கய்யா! எரியுதே!" என்று பொற்கொடி கத்தினாள்.

"போர்டுல பூஜ்யம்னு போட்டிருக்கேம்மா" என்றார் ஒரு காவலர், ஓடிக்கொண்டே.

இனிப் பேசிப் பயனில்லை. நிர்வாகியின் அறைக்குள் பாய்ந்து அவர் காதருகே குனிந்தாள். "ஐயா, பக்கத்துக் குடியேற்றத்துல அறுபதாம்!"

துரைக்கண்ணு திடுக்கிட்டு விழித்தார். கால் ஆடத் தொடங்கியது. வெளியே ஆரவாரம்: "கரண்ட் வந்துடுச்சு!" அதே விளக்கின் கீழே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். காவலர்கள் பாதி வழியில் திரும்பினார்கள்.

நன்மாறன் இப்போது எழுந்து நடமாடுகிறான். பொறி நிதானமாக ஓடுகிறது. தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் பொற்கொடி நிர்வாகியின் அறைக்குப் போய், புதிதாக ஒரு கவலையைச் சொல்லிவிட்டு வருகிறாள்.