இடது பக்கத் திருப்பம்

முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, பிரீனா அந்த ஆளைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

இடது காலில் அவளுடைய ஸ்கீ. வலது காலில் யாரோ ஒருவனுடையது. அவளுடைய வலது ஸ்கீ... அதோ, நூறு மீட்டர் கீழே, சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு முதுகுக்கு அடியில் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது.

"ஹலோ... நில்லுங்க... அது என்னோடது..."

காற்று வார்த்தையைப் பிடுங்கிப் பின்னால் எறிந்தது.

தப்பு இரண்டு பேர் மேலும்தான். யாவோர் மலையில் காபி குடிக்க நுழைகிற யாரும் ஸ்கீயை ஜோடியாக விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். ஒன்றைக் குடில் வாசலின் இந்தக் கோடியில் சாத்துவார்கள், மற்றதை அந்தக் கோடியில். ஒற்றை ஸ்கீயை வைத்துக்கொண்டு திருடன் என்ன செய்வான்? நல்ல வழக்கம்தான். ஆனால் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் ஒரே பச்சை ஸ்கீ வைத்திருந்தால்... நீளமும் ஒன்றாக இருந்தால்... பூட்ஸ் அளவும் பொருந்திவிட்டால்...

நேற்று ராத்திரிதான் அந்த வலது ஸ்கீயின் விளிம்பை இரண்டு மணி நேரம் அரம் போட்டுத் தீட்டியிருந்தாள். பதினோரு நாளில் பயிற்றுநர் தேர்வு. போன வருடம் தேறவில்லை. 'இடது திருப்பம்: விளிம்பு பிடிக்கவில்லை' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்த முறையும் அப்படியானால் ஸ்கீயைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். அதையும் விட்டால் வாழ்க்கையில் மிச்சம் என்ன என்று யோசிக்க மட்டும் பயமாக இருந்தது.

பாதை இடப்பக்கம் வளைந்தது. பயப்பட நேரமில்லை. வலது காலை அழுத்தினாள். துணிக்கடையில் கத்தரியை ஓடவிடுகிற மாதிரி ஒரு சத்தம்... அடுத்த நொடி அவனைத் தாண்டி, குறுக்கே திரும்பி நின்றாள். தெறித்த பனி அவன் முகமெல்லாம் அப்பியது.

அவன் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"காலை வணக்கம்" என்றான்.

"வணக்கம் கிடக்கட்டும். கீழ பாருங்க."

பார்த்தான். தன் கால். அவள் கால். மறுபடி தன் கால்.

"அட..."

"அட இல்ல. என் ஸ்கீ."

"ஆமா. ஆனா எப்படிங்க மாட்டுச்சு? என் பூட்ஸ் ரொம்பச் சின்ன சைஸாச்சே. கடையில சின்னப் பசங்க அலமாரியத்தான் காட்டுவாங்க."

"என்னுது ரொம்பப் பெரிய சைஸ். கடையில ஆம்பளைங்க அலமாரியக் காட்டுவாங்க."

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் உதடு கொஞ்சம் கோணியது. எரிச்சலோடு அடக்கிக்கொண்டாள்.

முப்பத்தைந்து வயது இருக்கும். இரவெல்லாம் விழித்த கண்கள். ஓரமெல்லாம் சிவப்பு... நடுவில் பனிக்கு அடியில் ஓடும் ஓடையின் பச்சை. அந்தக் கண்கள் இப்போது அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, மலையைப் பார்த்தன.

"அந்தக் கோடு நீங்க போட்டதா?"

திரும்பிப் பார்த்தாள். அவள் இறங்கி வந்த தடம். வலப்பக்கம் பென்சிலால் இழுத்தது போல் இரண்டு மெல்லிய கோடுகள். இடப்பக்கமும்... அதே இரண்டு மெல்லிய கோடுகள்.

மூன்று வருடத்தில் முதல் தடவை.

"அந்த மரத்தோரத்துக்கு வர்றது நீங்கதானா?" என்றான் அவன். "சாயங்காலம் வேலைக்கு ஏறும்போது தினம் பார்ப்பேன். வலது பக்கம் பேனா வச்சு எழுதின மாதிரி இருக்கும். இடது பக்கம் தொடப்பத்தால கூட்டின மாதிரி. ஒரே ஆளா ரெண்டு ஆளான்னு எனக்குள்ளயே பந்தயம் கட்டிக்குவேன்."

"என்ன வேலை உங்களுக்கு?"

"ராட்ராக் ஓட்டறேன்."

இரவில் மலைமேல் ஏறி, பகலில் மிதிபட்ட பனியைச் சீவி, விடிவதற்குள் வரிவரியாக ஆக்கி வைக்கிற வண்டி. அதில் தனியாக உட்கார்ந்திருக்கும் விளக்கை வீட்டு ஜன்னலிலிருந்து அவள் பார்த்திருக்கிறாள். தூக்கம் வராத ராத்திரிகளில் அது ஒன்றுதான் அவளோடு விழித்திருக்கும்.

அவன் பெயர் திலென்.

மறுநாள் காலையும் வந்தான். அதற்கு மறுநாளும். வேலை முடிந்து, வீட்டுக்குத் தூங்கப் போகும் முன் ஒரு மணி நேரம்.

"எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாது. தடம் படிக்கத் தெரியும். அவ்வளவுதான்" என்றான்.

அது போதுமாக இருந்தது. கம்புகள் இரண்டையும் குறுக்காகக் கையில் ஏந்தி, தட்டில் காபி கொண்டு போவது போல் இறங்கச் சொன்னான். தட்டு சாய்ந்தால் காபி சிந்திவிடும்.

"சிந்திருச்சு" என்பான் கீழே நின்று. "இது மூணாவது கப். காபிக் குடில் சில்கா அத்தை கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

உள்பக்கக் காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றை ஸ்கீயில் திரும்பும் பயிற்சி. தட்டையான சரிவில், உடம்பைத் திருப்பாமல், கணுக்காலை மட்டும் சாய்த்து வளையும் பயிற்சி. ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் நின்று மேலே பார்ப்பார்கள். தடம் பொய் சொல்லாது.

பிறகு குடிலில் ஆளுக்கு ஒரு காபி. பெரிய பேச்சு எதுவும் இல்லை.

"ராத்திரி முழுக்க தனியா போரடிக்காதா?"

"துணைக்கு வைப்பர் இருக்கே. நான் என்ன சொன்னாலும் இல்ல இல்லன்னு தலையாட்டும். கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி."

அவள் சிரித்தாள். சிரித்த பிறகுதான் தோன்றியது... கடைசியாக எப்போது சிரித்தோம்? மருந்துக்கடைக் கவுண்டரில் நாள் முழுக்க அவள் பேசுவது இரண்டே வாக்கியம். சாப்பாட்டுக்கு முன்னால். சாப்பாட்டுக்குப் பின்னால். வீட்டுக்கு வந்தால் அதுவும் கிடையாது. கோஸ் சூப்பை அடுப்பிலிருந்து இறக்கி, பாத்திரத்தோடு, நின்றபடியே குடித்துவிட்டு, ஜன்னல் ஓரம் போவாள். மலைமேல் அந்த விளக்கு. இப்போது அந்த விளக்குக்கு ஒரு பெயர் இருந்தது. அதனாலேயே வீடு முன்பைவிட வெறிச்சென்று தெரிந்தது.

ஆறாவது நாள்தான் அது நடந்தது.

நான்கு திருப்பம் சுத்தமாக வந்தது. ஐந்தாவது, இடது... துடைப்பம்.

திலென் தலையைச் சொறிந்தான். "உங்க கால்ல குறை ஒண்ணும் இல்ல. ஒண்ணு சொல்லட்டுமா? கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"இடது பக்கம் திரும்பறப்ப உங்க தலை வலது பக்கம் போகுது. பாதையோரம் யாரோ நிக்கிறாங்களான்னு தேடற மாதிரி. அன்னிக்கு என்னைத் துரத்தினப்ப மட்டும் நீங்க தேடல. அதான் கோடு வந்துச்சு."

அவளுக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. ஒருவரும் தொடாத இடத்தில் விரலை வைத்துவிட்டான்.

"பனி சீவறவர் பனியோட நிறுத்திக்கலாமே" என்றாள்.

"இல்ல, நான் சும்மா..."

"நான் யாரையும் தேடல. என் கால் ஏன் இப்படின்னு ஊருக்கே தெரியும். மூணு வருஷம் முன்னாடி, மேல பெரிய பாதையில, உங்கள மாதிரி ஒரு ராட்ராக்காரர் ரெண்டு சாலுக்கு நடுவுல ஒரு சாண் மேட்டை அப்படியே விட்டுட்டுப் போயிட்டார். விடியறதுக்குள்ள அது கல்லா உறைஞ்சு போச்சு. ரெண்டு இடத்துல எலும்பு முறிவு. தேசிய அணிக்கு அந்த வாரம்தான் பேர் போயிருந்தது. வீட்டுக்குப் போய்த் தூங்கற அவசரம் அவருக்கு."

அந்தக் கதையை அவள் எப்போது சொன்னாலும் அதே வார்த்தைகளில்தான் சொல்வாள். ஒரு வார்த்தை கூடாது, குறையாது.

திலெனின் பச்சைக் கண்களில் ஏதோ அணைந்தது.

"உங்க அப்பா பேர் போகிதானா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல." கையுறையை மாட்டிக்கொண்டான். "கோடு நல்லாவே வருது. இனி நான் தேவைப்பட மாட்டேன்."

போய்விட்டான். அந்த முதுகைத் துரத்த இந்த முறை அவளுக்கு மனம் வரவில்லை... கர்வம்.

மறுநாள் அவன் இல்லை. மரத்தோரத்துப் பனி மட்டும் தலை வாரிவிட்டது போல் வரிவரியாக இருந்தது. அதற்கு அடுத்த நாளிலிருந்து மழை. பிப்ரவரியில், பனிமேல் விழுகிற மழையைப் போல் அழுதுவடிகிற ஒன்று உலகத்தில் கிடையாது. மலை முழுக்கக் கஞ்சியாகிக் கிடந்தது. ஆட்கள் யாரும் வரவில்லை. பிரீனா மட்டும் நனைந்துகொண்டே தட்டு ஏந்தி இறங்கினாள். கீழே நின்று 'சிந்திருச்சு' என்று சொல்ல ஆளில்லை. மேலே திரும்பிப் பார்த்துத் தானே சொல்லிக்கொண்டாள். தன் குரலே அந்நியமாகக் கேட்டது.

மழையின் நான்காம் நாள், குடிலில் சில்கா அத்தை காபியை டொக்கென்று வைத்தாள். மலையில் எல்லோருக்கும் அவள் அத்தைதான்.

"என்னடி பண்ணின அந்தப் பிள்ளைய?"

"நான் ஒண்ணும் பண்ணல."

"காபிக்குக்கூட வர்றதில்ல. வண்டியிலயே தூங்கறான். மரத்தோரம் யாரு போறான்னு ரெண்டு பருவமா எங்கிட்ட கேட்டுட்டே இருந்தவன். போகியோட பொண்ணுன்னு எனக்குத் தெரியும். வேணும்னுதான் சொல்லல."

"ஏன்?"

அத்தை துணியால் மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"பெரிய பாதையில ஓட்டினவன்டி அவன். நம்ம பக்கத்துல அவனை மாதிரி பனி சீவ ஆளில்ல. உங்கப்பா தன் பேரை மட்டும் போட்டு எழுதின புகார்லதான் இந்தக் குட்டி மலைக்குத் தள்ளிவிட்டாங்க. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. என் மேட்டுலதான் அந்தப் பொண்ணு விழுந்துச்சு, நான்தான் காரணம்னு கையெழுத்துப் போட்டுட்டு இறங்கி வந்தான்."

காபி ஆறியது. பிரீனா அதைத் தொடவில்லை.

அன்று மாலை அப்பா வீட்டுக்குப் போனாள். பத்து நிமிடம்தான் பேசினாள். பேசி முடித்ததும் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். வழியனுப்ப வாசல் வரை வரவில்லை. மழையில் நடந்தே வீட்டுக்கு வந்தாள். ஜன்னலில் நின்றாள். விளக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது... மரத்தோரத்தில்.

தேர்வு நாள். மழை நின்று, எல்லாம் இறுகியிருந்தது. விடிந்த வெளிச்சத்தில் மலை கண்ணாடியாகப் பளபளத்தது.

ராட்ராக் நிறுத்தும் கொட்டகையில் திலென் மண்வெட்டியால் சக்கரப் பட்டையின் பனிக்கட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"பத்து மணிக்கு உங்களுக்குத் தேர்வாச்சே."

"ஒரு தடவை எறங்கிட்டுப் போறேன். வாங்க."

"வேண்டாங்க. நான் யாருன்னு தெரியாம வந்திருக்கீங்க. நான் அன்னிக்கு..."

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன். வாங்க."

நாற்காலி லிஃப்டில் ஏறி உட்கார்ந்தார்கள். கால்கள் அடுத்தடுத்து ஆடின. நான்கு பச்சை ஸ்கீக்கள்... எது யாருடையது என்று தெரியாமல்.

உறைந்த மலையில் மரத்தோரத்தில் ஒரே ஒரு பட்டை மட்டும் அரைத்த உப்பு மாதிரி மிருதுவாகக் கிடந்தது. ராத்திரியில் எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பான்?

அவள் இறங்கினாள். தட்டு சிந்தவில்லை. வலது. இடது. தலை அசையாமல் அடுத்த திருப்பத்தையே பார்த்தது. வலது. இடது... கத்தரிச் சத்தம். பின்னாலேயே இன்னொரு கத்தரிச் சத்தம் அவளைத் தொடர்ந்து வந்தது. கீழே நின்று இருவரும் மேலே பார்த்தார்கள்.

எல்லாமே பென்சில் கோடுகள்.

திலென் கோட்டையே பார்த்துக்கொண்டு பேசினான். "ரெண்டு பருவமா இந்தக் கோட்டைப் படிச்சேன். வேற யாருகூடவும் நான் இவ்வளவு நேரம் பேசினதில்ல. நீ யாருன்னு தெரியறதுக்கு முன்னாடியே எனக்கு உன்னைப் பிடிச்சுப் போச்சு, பிரீனா. இப்ப சொல்றதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. உன் காலை ஒடிச்சவன் நான். ஆனா சொல்லாமப் போனா தடத்தை அழிச்ச மாதிரி இருக்கும்."

அவன் நீ என்றதை அவளுடைய காது பிடித்து வைத்துக்கொண்டது.

"எனக்கும் பிடிச்சிருக்கு. அத இப்போதைக்கு ஓரமா வை" என்றாள். "நேத்து அப்பாகிட்ட ஒண்ணு சொன்னேன். நிர்வாகத்துக்கும் எழுதிப் போட்டாச்சு. உங்கிட்ட நேர்ல சொல்லணும். கேட்டுட்டு நீ போனாலும் போகலாம்."

"என்ன?"

"அன்னிக்கு ஒருத்தன் பாதையோரம் வந்து நிக்கறேன்னு சொல்லியிருந்தான். கட்டிக்கப் போறவன். இடது திருப்பத்துல, வந்திருக்கானான்னு வலது பக்கம் பார்த்தேன். வரல. அந்த நொடியில கால் போயிருச்சு. விழுந்த எடத்துலருந்து நாற்பது மீட்டர் சறுக்கிட்டு வந்துதான் நின்னேன். எல்லாரும் ஓடி வந்தப்ப பக்கத்துல உன் மேடு இருந்தது. அப்பா அதைக் காட்டிக் கத்தினார். வராத ஒருத்தனுக்காகத் திரும்பினேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு, திலென். வாயை மூடிக்கிட்டேன். மூணு வருஷம்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"உன் மேட்டை என் ஸ்கீ தொடவே இல்ல."