கீறல் போகும் வழி

சமையலறைச் சுவரில், உப்பு டப்பாவுக்குச் சற்று மேலே, தலைமுடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. பெர்னடின் வொய்டாஸ் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டியபோது நகம் இடறியது. அப்படியென்றால் அழுக்கல்ல, கீறல். பூப்போட்ட சுவர்க்காகிதத்தைக் கிழித்துக்கொண்டு சுண்ணாம்பு வரை இறங்கியிருந்தது. விரலை மோந்து பார்த்தாள். ஆளிவிதை எண்ணெயும் நனைந்த கல்லும் கலந்த வாசம், அதற்கடியில் லேசாகப் புகையிலை. அந்த வீட்டில் யாரும் புகைபிடித்து எத்தனையோ வருஷமாகிறது.

பஃபலோ நகரின் கிழக்குப் பக்கத்தில் வீடுகள் எல்லாம் இப்படித்தான், குடும்பம் பெருகப் பெருகப் பின்னால் ஓர் அறையை ஒட்டவைத்து, ரயில்பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போனவை. இங்கே ஒரு கோடியில் சமையலறை, அடுத்து சாப்பாட்டு அறை, அப்புறம் நடை, மறுகோடியில் லென் படுத்திருக்கும் அறை. எல்லாவற்றையும் ஒரே சுவர் தொட்டுக்கொண்டு ஓடியது. காலையிலிருந்து ஏரிப்பக்கமிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது.

லென் அவள் புருஷன். இரும்பாலைப் புகை அவன் நுரையீரலைத் தின்றுவிட்டது. இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். நடையில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருக்கும், அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அவன் மூக்கு வரை போகும். அவன் மூச்சு எப்போது நிற்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பைத்தியம்தான் பிடிக்கும். அதற்காகத்தான் அவள் அட்டைகளைக் கையில் எடுத்தாள்.

நூறு வருஷத்துக்கு முன்னால் சிகரெட் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்த பேஸ்பால் அட்டைகள். பெரிய தாளில் வரிசையாக அச்சடித்து, பிறகு துண்டு துண்டாக வெட்டியவை. முழுத்தாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எந்த ஆட்டக்காரனுக்குப் பக்கத்தில் எவன் நின்றான் என்பதை அச்சுப்பிழைகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கல்லில் படம் வரைந்து, மை தடவி, தாளை அழுத்தித்தான் அச்சடிப்பார்கள்; அந்த அச்சுக்கல்லில் ஒரு கீறல் விழுந்தால் அது பல அட்டைகளின் மேல் ஓடும். ஓர் அட்டையின் ஓரத்தில் அறுபடுகிற கோடு எந்த அட்டையின் ஓரத்தில் அதே உயரத்தில் தொடங்குகிறதோ, அதுதான் பக்கத்து அட்டை. நாடு முழுக்க இந்தக் கிறுக்குப் பிடித்த ஒரு கூட்டம் இருந்தது. ஆளாளுக்குத் தங்கள் அட்டையைப் படமெடுத்துப் போடுவார்கள், டொலீடோவில் இருக்கும் டுவேன் ஃபெஸ்லர் அதையெல்லாம் பொதுத்தாளில் சேர்ப்பார். பெர்னடின் சாப்பாட்டு மேஜையில் கட்டம் போட்ட தன் சொந்தத் தாளை விரித்து வைத்திருந்தாள். அன்று காலையில்தான் அதில், ஒரு கீறல் தொடங்கும் முதல் அட்டையை வைத்திருந்தாள்.

அவள் அடுத்த அட்டையை எடுத்து வைத்தாள். கோடு கச்சிதமாகப் பொருந்தியது. அந்த நொடியில் சமையலறையிலிருந்து, சிலேட்டில் ஊசியால் இழுப்பதுபோல் ஒரு மெல்லிய சத்தம் வந்து நின்றது.

எலியாக இருக்கும் என்று நினைத்தாள். பல் கூசியது.

எழுந்துபோய்ப் பார்த்தபோது கீறல் கதவுச் சட்டத்தைத் தாண்டிச் சாப்பாட்டு அறைக்குள் வந்திருந்தது. தாளில் இருந்த இரண்டாவது ஆட்டக்காரனின் காதுக்கு மேலே கோடு ஓரிடத்தில் லேசாக இடறி, மறுபடி நேராகும். சுவரிலும் அதே இடறல் இருந்தது. ஆனால் ஒரு விஷயம் ஒத்துவரவில்லை. தாளில் கோடு வலமிருந்து இடமாகப் போகிறது, சுவரிலோ இடமிருந்து வலமாக. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று மூச்சு விட்டாள். பழைய வீடு, குளிரில் வெடிக்கத்தான் செய்யும்.

உள்ளே லென் விழித்திருந்தான். தலையணையில் சாய்ந்து, அவளைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டினான்.

"உன் செத்துப்போன ஆளுங்கல்லாம் சௌக்கியமா?"

"உன்னைவிட அவங்க தேவலை, வாயை மூடிக்கிட்டு இருக்காங்க," என்று அவன் போர்வையை இழுத்து விட்டாள். "சுவர்ல கீறல் விழுந்திருக்கு, லென்."

"வீடும் கெழடு, நானும் கெழடு. கீறல் விழாம என்ன செய்யும்? சூப் எப்போ தருவ, அதைச் சொல்லு."

அவள் சிரித்துவிட்டு மேஜைக்குத் திரும்பினாள். மூன்றாவது அட்டையும் தயாராக இருந்தது. சும்மா ஒரு சோதனைக்குத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு வைத்தாள்.

இந்தத் தடவை சத்தம் அவள் முதுகுக்குப் பின்னாலேயே போனது. அவசரமில்லாமல், ஒரே அழுத்தத்தில், ஒரு கை நிதானமாக இழுத்துக்கொண்டு போவதுபோல். நடைக்குள் திரும்பியது. நின்றது. ஏதோ தரையில் உதிர்ந்த சத்தம் கேட்டது.

நடையில் சுவரோரம் இருந்த ஜெரேனியம் செடி இரண்டாக இருந்தது. சுவரின் கோடு எந்த உயரத்தில் போனதோ அதே உயரத்தில் தண்டு அறுந்து, மேல்பாதி தொட்டிக்கு வெளியே கிடந்தது. காலையில் அவள் தண்ணீர் ஊற்றிய செடி. இலைகள் அதற்குள் கருகி, தொட்டதும் நொறுங்கின. கோடு அதற்கப்பால் லென் அறையின் வாசற்சட்டம் வரை போய் நின்றிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேலை பார்த்த காலமெல்லாம் எக்ஸ்ரே படங்களில் இடது வலது மாறிவிடாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், இதை எப்படி மறந்தாள்? கல்லில் இருப்பது தாளில் இடம்வலம் மாறித்தான் விழும். தாளில் இடப்பக்கம் ஓடுகிற கீறல், கல்லில் வலப்பக்கம் ஓடியிருக்கும். இந்தச் சுவர் தாளைப் பார்த்து நடக்கவில்லை. கல்லைப் பார்த்து நடக்கிறது.

நான்காவது அட்டை அவளிடம் இருந்தது. ஏமஸ் டட்டில், பந்து எறிபவன், அரிதான அட்டை. போன மாதம் ஒரு பழைய தகரப்பெட்டியின் அடியில் கிடைத்ததை இன்னும் குழுவில் யாருக்கும் காட்டவில்லை. காட்டி எல்லாரையும் வாய்பிளக்க வைக்க வேண்டும் என்று ஆசை ஆசையாய் வைத்திருந்தாள். லென்ஸைப் பிடித்தாள். கோடு வலது ஓரத்தில் நுழைந்து, சட்டைக் காலரைத் தொட்டு, கழுத்தின் குறுக்கே போய், தாடைக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளியில் முடிந்தது. கல்லைக் கீறிய ஊசியைத் தூக்கிய இடம்.

தாளைச் சுருட்டி எறிந்தாள். சுவர்க்கோடு அப்படியே இருந்தது. லென்னைச் சமையலறைக்கு நகர்த்தலாம் என்று அவன் தோளைப் பிடித்தாள், அவனுக்கு இருமல் பிடித்து உதடு நீலம் பாய்ந்தது, குழாயும் அவ்வளவு தூரம் எட்டாது. வாசற்கதவைப் பனி அடைத்திருந்தது. கடைசியில் டட்டிலின் அட்டையை அடுப்பில் காட்டினாள். அது ஓரத்திலிருந்து சுருண்டு, முகம் பழுப்பாகி, சாம்பலாக விழுந்தது. அவ்வளவுதான், இனி வைப்பதற்கு அட்டையே இல்லை. அவள் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டாள். இந்த மனுஷனை இவ்வளவு ஆசையாக வைத்திருக்கிறோம் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

சூப்பைச் சூடாக்கிக் கிண்ணத்தில் ஊற்றும்போது போன் அடித்தது. டுவேன்.

"பெர்னடின், உக்காந்துக்கிட்டுத்தானே இருக்கீங்க? டட்டில் கெடைச்சாச்சு. கேன்சஸ்ல ஒருத்தர், அவங்கப்பா மேஜை டிராயர்ல இருந்ததாம். கோடு அப்படியே பொருந்துது, கழுத்துக்குக் குறுக்கால போயி ஒரு புள்ளி. இப்பதான் தாள்ல வெச்சேன்."

"எடுத்துடுங்க," என்றாள். "டுவேன், அதை எடுத்துடுங்க."

"எதுக்கு? நம்ம எல்லாருக்கும் அனுப்பிட்டேனே." அவர் சிரித்தார். "ஒரே ஒரு அட்டையா அடிச்சிருப்பான்? எத்தனை ஆயிரமோ. எல்லாத்துலயும் இதே கீறல்தான் இருக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சத்தம் நடையில் தொடங்கியது.

கிண்ணம் கைநழுவியது. ஓடினாள். சாப்பாட்டு அறை. நாற்காலி இடித்தது. நடை. காலடியில் ஜெரேனியம் நொறுங்கியது. சத்தம் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. நிதானமாக. ஒரே அழுத்தத்தில். வாசற்சட்டம். சுவர். கட்டிலின் தலைமாட்டுப் பலகை.

"லென்."

சத்தம் மிருதுவானது. துணியில் போவதுபோல். பிறகு அதைவிட மிருதுவாக.

நின்றது.

ஈரக்கல்லின் வாசம் அறையெங்கும் இருந்தது. அவள் விளக்கைப் போட்டாள். லென் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தபடிதான் இருந்தான், எதையோ சொல்லிக் கிண்டலடிக்கப் போகிறவன் மாதிரி வாய் லேசாகத் திறந்திருந்தது. தலையணை உறையின் மேல் ஒரு தலைமுடி கனத்துக்குக் கோடு வந்தது. அவன் கழுத்தின் மேலும் அதே கனத்தில், அதே கறுப்பில், துளி ரத்தமில்லாமல் குறுக்கே போய், தாடைக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளியில் முடிந்திருந்தது. அவள் அவன் கன்னத்தில் கை வைத்தாள். நடையில் மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. கழுத்தருகே கத்தி வைத்ததுபோல் நேராக அறுந்து கிடந்த குழாயின் முனையிலிருந்து அவனுக்கான காற்று அவள் மணிக்கட்டின் மேல் மெல்ல ஊதிக்கொண்டிருந்தது.