முத்திரை உடையாத சீசா

புர்காஸ் கடற்கரை ஓரத்தில் இருக்கிறது எங்கள் ஆய்வுக்கூடம். கார்ப் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மணிகளுக்கு அங்கே வயதேற்றுவோம். உலையில் போட்டு நீராவியும் கொடுஞ்சூடும் கொடுத்தால், ரோட்டில் பல வருடம் உழைத்துக் களைத்துப்போவது சில நாளிலேயே நடந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, சூடே படாத மணிகளை ஒரு சீசாவில் முத்திரையிட்டுப் பக்கத்தில் வைத்திருப்போம்.

உலையைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் வெல்கோ அதன் அருகிலேயே விழுந்து செத்தார். ஊர் வழக்கப்படி அவர் படம் போட்ட அஞ்சலித் தாளை ஆய்வுக்கூட வாசல் கதவில் ஒட்டினோம். வழுக்கைத் தலை, சுருங்கிய முகம்.

அதற்குப் பிறகுதான் கோளாறு. உலையில் வெந்த மணிகள் புதுசாகவே இருந்தன. சீசாவில் சும்மா இருந்தவை செயலிழந்து கிடந்தன.

எனக்குக் கமென் மீதுதான் சந்தேகம். வெல்கோவின் இடத்துக்கு வந்த வாய்த்துடுக்கன். இவன் மாற்றி வைப்பான், பழி என் தலையில் விழும். வேலை போனால் என் குழந்தை யானாவை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

"என்ன ரோசா அக்கா, பார்வையே சரியில்லையே. நான் என்ன கோழித் திருடனா?"

"சீசாவைத் தொட்டது யாருடா?"

"சத்தியமா நான் தொடல." குரலைத் தாழ்த்தினான். "கதவுல அந்தத் தாளைப் பாத்தியா? கிழவருக்கு முடி முளைச்சிருக்கு."

போய்ப் பார்த்தேன். வழுக்கையில் கறுகறுவென்று முடி.

இதுவும் இவன் வேலைதான், வேறு படத்தை ஒட்டியிருக்கிறான் என்று எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மாலை புதிதாக முத்திரையிட்ட சீசாவைக் கைப்பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். யானாவின் கட்டில் தலைமாட்டு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். முன்பல் இரண்டும் விழுந்த ஓட்டையில் நாக்கை விட்டபடி அவள் கேட்டாள்.

"நாளைக்கே பல்லு முளைச்சிடுமாம்மா?"

"அதுக்குள்ள என்னடி அவசரம்?"

காலையில் அறையெங்கும் உலையில் காய்ந்த இரும்பின் வாசனை. ஜன்னல் கண்ணாடி வேர்த்து வழிந்தது.

சாவி கழுத்திலேயே இருந்தது.

அலமாரியைத் திறந்தேன். முத்திரை உடையவில்லை.

"அம்மா."

குரல் கனத்திருந்தது.

யானா எழுந்து உட்கார்ந்திருந்தாள். அங்கியின் கை முழங்கைக்கு ஏறியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாய் நிறையப் பல்.

பாவம் கமென், அவனையா சந்தேகப்பட்டேன்! டாக்டரிடம் ஓட யானாவை வாரி எடுத்தேன்.

தூக்க முடியவில்லை.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டு வாசல் கதவைத் திறந்தேன். கதவின் வெளிப்பக்கத்தில் பசை காயாத அஞ்சலித் தாள். வெல்கோ என்றுதான் பெயர் போட்டிருந்தது.

படத்தில் ஒரு சின்னப் பையன் சிரித்துக்கொண்டிருந்தான். முன்பல் இரண்டும் இல்லை.