பல்லடத்துப் பச்சை

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. பூங்கோதை வரவேற்பறைச் சுவரின் முன் நின்று, வீட்டு அலங்காரத்துக்கு யோசனை சொல்லும் தூண்டியை மறுபடியும் தட்டி எழுப்பினாள்.

“வணக்கம். உங்கள் வீட்டுக்கான இன்றைய உத்வேகம், மழைநாள் சாம்பல்,” என்றது அது. சுவரில் ஒரு மாதிரி அறை விரிந்தது. சாம்பல் சுவர், சற்றே வெளுத்த சாம்பலில் மெத்தை, ஓரமாக ஒரு மூங்கில் நாற்காலி.

“நேத்து இதையேதான் மாலைநேரச் சாம்பல்னு காட்டினே.”

“அது சற்றுக் கனிவான சாம்பல்.”

“வேற காட்டு.”

“அலுவலகப் பழுப்பு விருப்பமா?”

பூங்கோதை படக்கென்று அதை அணைத்தாள். உள்ளறையிலிருந்து மாமனார் வைத்தியலிங்கம் சிரிப்பது கேட்டது. “மிசினுகூட எதுக்கு அம்மிணி மல்லுக்கட்டறே? திங்கக்கிழமை நான் பல்லடம் போனதும் நிதானமாச் சண்டை போடு.”

தூண்டியைச் சொல்லிக் குற்றமில்லை. சாய ஆலைகளை மூடி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இனிப் புதிதாக நிறம் செய்வதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் ஆறுகளில் தண்ணீர் தண்ணீராக ஓடியது. இருக்கிற நிறத்தை ஒரு சுவரிலிருந்து உறிஞ்சி இன்னொரு சுவரில் ஏற்றிக்கொள்ளலாம். மீள்நிறம் என்று பெயர். ஒரு சொட்டுகூட வீணாகாது. ஆனால் ஒரு வீடு சிவக்க வேண்டுமென்றால் வேறொரு வீடு வெளுக்க வேண்டும். சிவப்பையும் மஞ்சளையும் யார் திருப்பிக் கொடுப்பார்கள்? வேண்டாத நிறங்களைச் சேர்த்துவைக்கும் நிறக்கூடத்துக்கு வந்து சேர்வதெல்லாம் அலுத்துப்போன சாம்பலும் பழுப்பும்தான்.

மற்ற நாளாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். நாளைக் காலை மாமாவின் கண்கட்டை வீட்டிலேயே பிரித்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பல வருஷமாக எல்லாமே புகைமூட்டமாகத் தெரிந்த கண். சிகிச்சைக்காகக் கோவைக்கு வந்து, கட்டுப் பிரித்ததும் அவர் முதலில் பார்க்கப்போவது இந்தப் புகைச் சுவரையா?

“அப்பாவுக்கு நம்ம மூஞ்சியப் பாத்தாப் போதும் கோதை,” என்றான் கணவன் முகிலன்.

“உங்க மூஞ்சியும் இப்பல்லாம் இதே கலர்லதான் இருக்குதுங்க.”

அவன் சிரிக்கவில்லை. இரண்டு வாரமாகவே அப்படித்தான். அப்பா ஊருக்குப் போகிற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான்.

அவளும் எல்லாம் செய்து பார்த்துவிட்டாள். பழைய சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் திரை தைத்தாள். கொட்டாங்குச்சியில் விளக்கு செய்தாள். அந்தச் சுவரின் முன்னால் எல்லாமே துக்க வீட்டில் தோரணம் கட்டியதுபோல இருந்தன. கடைசியில் திரையைக் கழற்றிச் சோபாவில் எறிந்த நேரத்தில் தூண்டி தானாகவே பேசியது.

“புதுவரவு. பச்சை. ஒரு வரவேற்பறைக்குப் போதுமானது.”

“எனக்கு! எனக்குத்தான்!” என்று கத்தினாள். என்ன பச்சை என்றுகூடக் கேட்கவில்லை.

சாயங்காலம் நிறமேற்றி எந்திரம் வந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. கீழிருந்து மேலாக, கண்மாயில் தண்ணீர் ஏறுவதுபோல, இளம்பச்சை ஏறியது. கொஞ்சம் மஞ்சள் கலந்த, வெயில்பட்ட வாழையிலைப் பச்சை. பூங்கோதைக்கு அழுகை வந்துவிட்டது.

நிறம் பெற்றவர்கள், கொடுத்த வீட்டுக்கு நன்றி சொல்லி அனுப்புவது வழக்கம். அதற்காகவே கடைசியில் சுவரோரத்தில் கொடுத்தவரின் பெயர் தெரியும். அவள் ஆசையோடு பார்த்தாள்.

வைத்தியலிங்கம், பல்லடம்.

அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். முகிலன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

“மாமா வீட்டை என்ன பண்ணுனீங்க?”

அவன் குழாயை மூடவில்லை. “வேற குடும்பத்துக்குக் குடுத்துட்டேன். சுவத்துக் கலரை நிறக்கூடத்துக்கு அனுப்பிட்டேன். அம்மா போனதுக்கப்புறம் அவரு அங்க தனியா எப்பிடி இருப்பாரு? பாத்ரூம்ல விழுந்தா யாரு தூக்குவா?”

“அவர்கிட்டக் கேட்டீங்களா?”

“கேட்டா விடுவாரா? கண்ணு சரியாகட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன்.” அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. “உனக்கு எப்பிடித் தெரியும்?”

அவள் அவனை இழுத்துப்போய்ச் சுவரைக் காட்டினாள். முகிலனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“எடுத்துரு கோதை. பழைய சாம்பலே இருக்கட்டும். அவருக்குத் தெரிய வேண்டாம்.”

“எடுத்தா எங்க போகும்? அங்க வேற குடும்பம் வந்தாச்சு. எவனோ ஓட்டல் சுவத்துக்கு வாங்கிட்டுப் போவான். அத்தை கட்டுன வீட்ல மிச்சம் இது ஒண்ணுதான். நான் எடுக்க மாட்டேன். நாளைக்கு நீங்களே அவர்கிட்டச் சொல்லுங்க. கட்டுப் பிரிக்கறதுக்கு முன்னாடி.”

காலையில் மாமாவை வரவேற்பறையில் உட்காரவைத்துவிட்டு முகிலன் மூன்று தடவை “அப்பா” என்றான். மூன்று தடவையும், “தூக்கம் வந்துச்சாப்பா? காப்பி வேணுமாப்பா?” என்று வேறெங்கோ போய்விட்டான். பூங்கோதை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“பிரி அம்மிணி. எவ்வளவு நேரந்தான் இருட்டுக்குள்ளயே உக்காந்திருக்கறது?”

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வேறு வழியில்லாமல் கட்டைப் பிரித்தாள்.

மாமா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார். மெல்ல எழுந்து சுவரண்டை போய் உள்ளங்கையை வைத்தார்.

“அட! உங்க அத்தை கலந்த பச்சையாட்டவே இருக்குது. வெறும் பச்சை கண்ணைக் குத்துதுன்னு அவதான் மஞ்சளைக் கூடச் சேத்துனா. எங்க அம்மிணி புடிச்சே இதை?”

ஒரு நிறம் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பது அவருக்கும் தெரிந்ததுதான். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. மகன் பக்கம் திரும்பினார்.

“முகிலா, இது இங்க இருக்குதுன்னா, அங்க என்னடா இருக்குது?”

“அப்பா, அங்க வந்து...” முகிலன் குனிந்து, சோபாவில் கிடந்த திரையை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

மாமா கையைச் சுவரிலிருந்து எடுக்கவேயில்லை.

“சரி, விடு.” பூங்கோதையைப் பார்க்காமலே சொன்னார். “அந்தக் கட்டைத் திரும்பக் கட்டிவிடு அம்மிணி. கொஞ்ச நேரத்துக்கு.”