இடக்கைத் தையல்

ஒன்பது பேர் உட்கார்ந்து தைத்த போர்வையில் பத்தாவது ஆளின் தையல் இருந்தது.

லவீனா அதைக் கண்டது வியாழக்கிழமை சாயங்காலம், தைக்க வந்த பெண்கள் கிளம்பிப்போன அரைமணி நேரத்துக்குள். அவர்களுடைய வாசம் வீட்டில் இன்னும் கலையவில்லை. காப்பி, கோழிக் குழம்பு, அடுப்பருகே காய்ந்த ஈரக் கம்பளி, யாரோ ஒருத்தியின் மூக்குப்பொடி எல்லாம் சேர்ந்து முன்னறையில் கனத்து நின்றன. உத்தரத்திலிருந்து நான்கு கயிறுகளில் தொங்கிய மரச்சட்டத்தில், மகள் அல்மேடாவின் கல்யாணப் போர்வை விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தது. லாரல் ஓடைப் பள்ளத்தாக்குப் பெண்களின் பழைய கவுன்களெல்லாம் துண்டு துண்டாக அதில் வந்து சேர்ந்திருந்தன. மஞ்சள், அவுரி நீலம், மாதுளைச் சிவப்பில் பூப்போட்டது, சிநேகிதி பெர்லீயின் புருஷன் போட்டுக் கிழித்த கட்டம்போட்ட சட்டை. இந்த மேல்துணியையும் நடுவிலிருக்கும் பஞ்சையும் அடித்துணியையும் ஒன்றாகச் சேர்த்துத் தைக்கத்தான் இன்று கூட்டம்.

நாள் முழுக்க ஒரே சிரிப்பு.

"மாப்பிள்ள ஆறடிக்கு மேல இருக்கான்டீ லவீனா. காலு ரெண்டும் போர்வைக்கு வெளிய கெடந்து வெறைக்கப் போகுது," என்றாள் பெர்லீ.

"வெறைச்சா என்ன, அல்மேடா தேய்ச்சு விடமாட்டாளா?" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. அல்மேடா முகம் சிவந்து, யாரும் கேட்காத காப்பியை எடுத்துவரச் சமையலறைக்கு ஓடினாள்.

கிளம்பும்போது பெர்லீ வாசலில் நின்று விரலை ஆட்டினாள். "நான் தைச்சதப் பிரிச்சிடாத. உன் புத்தி எனக்குத் தெரியும்."

பிரிக்கத்தான் உட்கார்ந்தாள் லவீனா. வந்தவர்கள் போனதும் மோசமான தையலைப் பிரித்து மறுபடி தைப்பது அந்தப் பக்கத்தில் எவளும் ஒப்புக்கொள்ளாத வழக்கம். செய்யாதவள் எவளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். கணவன் வைலி பாதிரியாரைக் கூட்டிவர வண்டி கட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தான், சனிக்கிழமைதான் திரும்புவான். அதற்குள் முடித்தாக வேண்டும்.

சுவரோடு ஒட்டிய மூலையில் நாற்காலி போட இடமில்லை. அதை நாளைக்கு நானே முடித்துக்கொள்கிறேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். அந்த மூலையில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் ஓடியிருந்தது. தைப்பதற்காகச் சுண்ணக்கட்டியால் வரைந்த விசிறி வடிவக் கோடுகளை அது மதிக்கவில்லை, தன் போக்கில் வளைந்து போனது. நெருக்கமான, அழகான தையல். ஒவ்வொன்றும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

சேர்ந்து உட்கார்ந்து தைக்கிறவர்களுக்கு அடுத்தவளின் தையல் அவள் கையெழுத்து மாதிரி. வலக்கைக்காரி தைத்தால் அப்படிச் சாயாது. அந்தப் பள்ளத்தாக்கில் இடக்கையால் தைத்தவள் ஒருத்திதான், ஜெரூஷா. அவளைப் புதைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது.

"அல்மேடா! சுவத்து மூலைல நீ ஏதும் தைச்சியா?"

"அங்க எலி கூடப் போக முடியாதேம்மா," என்று சமையலறையிலிருந்து சிரித்தாள் மகள்.

லவீனா இடக்கையைப் போர்வைக்கு அடியில் விட்டுத் தடவினாள். அறை வெதுவெதுப்பாக இருந்தது. அந்த ஒரு சாண் துணி மட்டும் ஓடைத் தண்ணீரில் கிடந்ததுபோல் சில்லிட்டு நனைந்திருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு தன் மேலேயே கோபம் வந்து, ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாகக் கெல்லிப் பிரிக்க ஆரம்பித்தாள். பிரிக்கப் பிரிக்க, உள்ளே அல்மேடா இருமினாள். ஏதோ புரையேறியிருக்கும் என்று லவீனா நினைத்துக்கொண்டாள்.

ஆனால் நினைப்பு அதோடு நிற்கவில்லை. அது எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும்.

அல்மேடாவுக்கு எட்டு வயதில் தொண்டை அடைப்பான் வந்தது. பதினேழு நாள் குழந்தை மூச்சுக்குத் தவித்த சத்தம், மரத்தை ரம்பம் அறுக்கிற மாதிரி, இந்த வீட்டுச் சுவர்களில் இன்னும் இருக்கிறது. பிழைத்துக்கொண்டாள். படுக்கையில் கிடந்த எதையும் மிச்சம் வைக்காமல் எரித்துவிடச் சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். லவீனா வைக்கோல் மெத்தையை எரித்தாள், தலையணையை எரித்தாள், துணிப் பொம்மையைக்கூட எரித்தாள். போர்வையை மட்டும் இரண்டு தடவை நெருப்புவரை கொண்டுபோய்த் திரும்ப எடுத்து வந்தாள். இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து தைத்தது அது. கைவேலை தெரிந்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். மூன்று நாள் பனியில் தொங்கவிட்டாள், மடித்தாள், பெட்டியில் வைத்தாள். வைத்தபின் அந்தப் பெட்டிப் பக்கம் போகவே பயம்.

அதே மாதம் ஓடையின் அக்கரையில் ஜெரூஷாவின் வீட்டில் தீப்பிடித்துப் படுக்கைத் துணியெல்லாம் போயிற்று. புருஷன் இல்லாதவள், மூன்று வயதில் நெட்டி என்று ஒரு பெண். ஊரார் ஆளுக்கொன்று கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எரிக்கவும் மனமில்லாமல் வைத்துக்கொள்ளவும் துணிவில்லாமல் பெட்டியில் கிடந்த அந்தப் போர்வையை லவீனா கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் தாராள மனசைச் சபையே புகழ்ந்தது. பத்தாம் நாள் நெட்டிக்கு மூச்சு இழுத்தது.

நெட்டியின் குழிக்குப் பக்கத்தில், எல்லோர் முன்னாலும், ஜெரூஷா கேட்டாள்: "லவீனா, அந்தப் போர்வ உன் மக மேல கெடந்ததா?"

"இல்ல. பெட்டிக்குள்ள இருந்தது. கர்த்தர் சாட்சியா."

ஜெரூஷா அழவில்லை. ரொம்ப நேரம் லவீனாவின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. "சரி. எனக்கு நீ குடுத்திருக்க, உனக்கு நான் தைச்சுத் தரணும்ல. அல்மேடா கல்யாணத்துக்கு வர்றேன்," என்றாள். வாங்கியவள் திருப்பித் தைத்துக் கொடுப்பது முறைதான், அதனால் யாரும் அதை வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. பனி உருகிய மாதத்தில் அவளை ஓடையிலிருந்து எடுத்தார்கள்.

லவீனா கடைசித் தையலையும் பிரித்தெறிந்தாள். செத்தவள் செத்தபடி கிடக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது பனி வேலிக்கம்புகளை மூடியிருந்தது. ஓடையைக் கடக்க வழியில்லை. அல்மேடா ரொட்டியைத் தொடாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தொண்டைல என்னமோ குத்துதும்மா. நூலு சிக்கின மாதிரி."

"பேசாத. வாயத் தெற."

உள்ளே எதுவும் தெரியவில்லை. சிவப்புகூட இல்லை. தேனும் வினிகரும் கலந்து கொடுத்துப் படுக்கச் சொல்லிவிட்டு, லவீனா முன்னறைக்கு வந்தாள். மூலையிலிருந்து தையல் மறுபடி ஓடியிருந்தது. இப்போது ஒரு சாண் இல்லை. போர்வையின் பாதிவரை வந்திருந்தது. மஞ்சளையும் நீலத்தையும் பூக்களையும் எந்த மரியாதையும் இல்லாமல் தாண்டி, வளைந்து, இறங்கி, ஏறிப் போயிருந்தது. பனிவெளிச்சம் சன்னல் வழியே சாய்ந்து விழுந்ததில் தையலுக்கு உட்பட்ட இடமெல்லாம் லேசாக உப்பித் தெரிந்தது. அடுப்பில் கட்டை எரிந்துகொண்டிருந்தும் அறையில் ஈரமண் வாடை அடித்தது.

முக்காலியைப் போட்டு ஏறி, மேலேயிருந்து பார்த்தாள்.

ஒரு சின்னக் குழந்தை ஒருக்களித்துப் படுத்திருந்தது. முழங்கால் மடக்கி, கை இரண்டையும் கன்னத்துக்கடியில் வைத்து. அதன் விளிம்பு சுற்றிலும் முழுசாகத் தைத்து மூடியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வளர்ந்த பெண். நேராக, நீளமாக, பெட்டிக்குள் கிடத்துகிற மாதிரி. கால், இடுப்பு, தோள், தலை எல்லாம் முடிந்திருந்தது. இடப்பக்கக் கழுத்தில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்குத் தைக்காத இடைவெளி.

அல்மேடாவுக்கு அளவெடுத்துக் கவுன் தைத்தவள் அவள். அந்தத் தோளின் சரிவு அவளுக்குத் தெரியாதா?

முக்காலியிலிருந்து இறங்கினாளா விழுந்தாளா என்று தெரியாது. கழுத்தருகே இருந்த நூலின் நுனியை நகத்தால் பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். ஒரு முழம் வந்தது. இரண்டு முழம். ஒரு தையல்கூடப் பிரியவில்லை, நூல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. எச்சில் மாதிரி வழுவழுத்தது.

பின்னால் யாரோ ஓங்கரித்தார்கள்.

அல்மேடா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்திருந்தது. கீழுதட்டின் மேல் வெள்ளை நூல் ஒன்று கிடந்தது. லவீனாவின் கை அசைந்தபோது அதுவும் அசைந்தது. அவள் இழுத்தபோது, அது உள்ளே போயிற்று.

நூலை விட்டுவிட்டாள்.

அல்மேடா நாற்காலியில் சரிந்தாள். மார்பு எழும்பவில்லை. பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்த ரம்பச் சத்தமாவது கேட்கட்டும் என்று லவீனா ஏங்கினாள். அதுகூட இல்லை.

ஆனால் சட்டத்துக்கு அடியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

குனிந்தாள். குனிந்திருக்கக் கூடாது. போர்வையின் நிழலில் தரை நனைந்திருந்தது. சேறு படிந்த கறுப்புப் பாவாடை விளிம்பு. அதை ஒட்டி இரண்டு சின்ன வெறுங்கால்கள். குழந்தைகள் சட்டத்துக்கு அடியில் விளையாடும்போது ஆட்டுகிற மாதிரி, அவை மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

"ஜெரூஷா." குனிந்தபடியே சொன்னாள். "பொய் சொன்னேன்டீ. அல்மேடா மேலதான் கெடந்தது. எரிக்கச் சொன்னாரு, எரிக்க மனசு வரல. தெரிஞ்சுதான் குடுத்தேன். என்ன எடுத்துக்கோ. அவள விட்டுடு. அவ என்ன பண்ணினா?"

நெட்டி என்ன பண்ணினாள் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அதை லவீனாவே நினைத்துக்கொண்டாள்.

போர்வையில், கழுத்து இடைவெளியின் ஓரத்தில், ஓர் ஊசி கீழிருந்து மேலே வந்தது. பாதி தூரம் வந்து நின்றது. பின்னால் அல்மேடாவின் உதடுகள் நீலமாகிக்கொண்டிருந்தன. ஊசி அசையவில்லை. லவீனாவின் கைக்காகத்தான் நின்றது.

லவீனா அதைப் பிடித்தாள். மேலே இழுத்தாள். கீழே குத்தினாள்.

ஹக்கென்று அல்மேடா மூச்சை இழுத்தாள்.

ஒரே ஒரு மூச்சு. அது வெளியே போனது. அடுத்தது வரவில்லை. ஊசி மறுபடி மேலே வந்து நின்றது, இடைவெளிக்குள் கொஞ்சம் தள்ளி.

குத்தினாள். மூச்சு வந்தது.

அப்போது புரிந்தது அவளுக்கு. தைத்தால் மூச்சு. ஒரு தையலுக்கு ஒன்று. தைத்துக்கொண்டே போனால் கழுத்து மூடிவிடும், பிறகு மூச்சே இல்லை.

தையலைச் சிறிதாக்கினாள். எள் அளவு. அதிலும் பாதி. வாழ்நாளில் அவ்வளவு நுணுக்கமாகத் தைத்ததில்லை. ஆனால் அவள் எவ்வளவு ஒட்டிக் குத்தினாலும், அடியில் இருந்தவள் ஊசியைத் தாராளமாகத் தள்ளித்தான் நீட்டினாள். மேலே ஒரு கை, கீழே ஒரு கை. பழைய நாட்களில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தைத்த அதே வேகத்தில், அதே தாளத்தில். ஒருமுறை ஊசியைக் கீழே கொடுக்கும்போது விரல் விரலில் பட்டது. அந்த விரலில் நகம் இல்லை.

குத்தினாள். மூச்சு.

குத்தினாள். மூச்சு.

வெளியே பனி கொட்டிக்கொண்டே இருந்தது. ஓடையைத் தாண்டி யாரும் வரவில்லை. யார் வருவார்கள்?

அரை அங்குலம்.

குத்தினாள். கால் அங்குலம்.

"அம்மா." அந்த ஒரு மூச்சை அல்மேடா பேச்சில் செலவழித்தாள். "எந்தப் போர்வம்மா?"

லவீனா தலையைத் தூக்காமல் ஊசியைப் பிடித்தாள். குத்தினாள். விரல் நுனியில் ரத்தம் கசிந்து வெள்ளை நூலில் ஏறியது. குத்தினாள். கீழே சின்னக் கால்கள் ஆடுவது நின்றுவிட்டது. குழந்தை எழுந்து நின்றிருக்க வேண்டும். போர்வையின் நடுவில் ஒரு சின்னத் தலை அளவுக்குப் புடைத்து, ஊசி இருந்த இடத்தை நோக்கி மெதுவாக நகர்ந்து வந்தது. அருகே வந்து நின்றது.

இன்னும் ஒரு தையலுக்குத்தான் இடம்.

ஊசி மேலே வந்தது.

அல்மேடாவால் பேச முடியவில்லை. நீலம் பாய்ந்த உதடுகள் மட்டும் அசைந்தன. தைம்மா, என்றன. தைம்மா.

ஊசி நின்றது. லவீனாவின் விரல்கள் அதன் மேல் இருந்தன. பின்னால் மகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். அடியில் இருந்தவளும் காத்திருந்தாள்.