கணக்கு சார் விட்டுக்கொடுத்த பீரியட்

நல்ல மழை. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். எதிரில் நின்றவளின் பையிலிருந்த பெயிண்ட் டப்பா சாய்ந்தது... கணக்கு ஆசிரியர் வளவனின் வெள்ளைச் சட்டைப் பையில் நீலம்!

"ஐயோ, சாரிங்க... மூடி சரியா போடல."

இமையில் மழைத்துளி. கண்களில் பாதி பயம், பாதி சிரிப்பு.

"பரவால்ல." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று மதியம், வழக்கம்போல ஒன்பதாம் வகுப்பின் ஓவியப் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளப் போனான். கரும்பலகை முன்னால் அவள்! புது ஓவிய ஆசிரியை சிந்துஜா.

"இது என் பீரியட் சார்."

"போர்ஷன் பாக்கி இருக்கு டீச்சர்."

"எனக்கும்தான். நீலத்துல பாதிய நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்களே!"

வகுப்பே சிரித்தது. வளவன் சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கறையைத் தேய்த்துத் துவைக்க ஏனோ கை வரவில்லை...

பிறகு சிந்துஜா பிள்ளைகளோடு பள்ளிச் சுவரில் பெரிய மலை ஒன்றை வரையத் தொடங்கினாள். உதவிக்குச் செழியன் வந்தான். செங்கம் சாலைக் காபிக் கடைகளில் சுவர் ஓவியம் தீட்டுகிறவன். சாரத்தின்மேல் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவி இறந்த பிறகு வளவனுக்கு எதுவும் வலித்ததில்லை. பசிகூட மணி பார்த்துத்தான். இப்போது நெஞ்சில் ஏதோ எரிந்தது. பொறாமை... சே!

தலைமை ஆசிரியர் கோதண்டராமனிடம் போனான். "பரீட்சை வரைக்கும் டிராயிங் பீரியட் எல்லாம் எனக்கு வேணும் சார்."

கிடைத்தது. செழியன் வருவது நின்றது. மலையும் பாதியில் நின்றது. சிந்துஜாவின் பேச்சும் நின்றது. ஜெயித்தவனுக்கு ஏன் இப்படி இருக்கிறது?

விகிதம் நடத்திக்கொண்டிருந்தான். யாருக்கும் புரியவில்லை. வாயே திறக்காத பாஞ்சாலை எழுந்தாள்.

"சார், இது நம்ம செவுத்துல போட்டதுதானே? பேப்பர்ல கட்டம் ஒரு இன்ச், செவுத்துல ஒரு அடி. பன்னெண்டு மடங்கு. உச்சிக்கு இன்னும் நாலு கட்டம்தான் சார்... எப்ப விடுவீங்க?"

சாக்பீஸ் கையிலேயே உடைந்தது. அவன் சொல்லியும் புரியாததை சிந்துஜா வரைந்தே புரியவைத்திருக்கிறாள். இதற்கும் பொறாமைதான். ஆனால் இது சுடவில்லை.

மாலையில் சாரல். சுவரோரம் சிந்துஜா தனியாக நின்றிருந்தாள்.

"உங்க பீரியட் எல்லாம் உங்களுக்கே டீச்சர். எச்.எம்.கிட்ட சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை என் கணக்கு பீரியடையும் எடுத்துக்கோங்க."

"கணக்கு சார் பீரியட் குடுக்கறாரா? அதான் இந்த மழையா!"

"செழியனையும் கூப்பிடுங்க..."

"அவர் சிரிச்சா உங்க மூஞ்சி ஏன் அப்படிப் போகுது?"

"பொறாமை."

அவள் கண்கள் நிமிர்ந்தன.

"உங்களப் பிடிச்சிருக்கு. சொல்லத் தைரியமில்ல... பீரியடப் புடுங்கிட்டேன்."

அவள் பார்வை அவன் சட்டைப் பையில் நின்றது.

"கறை இன்னும் போகலியா?"

"நான் போக்கல."

குனிந்து தூரிகை ஒன்றை எடுத்தாள். அதை அவன் கையில் வைத்தாள்.

"மழை விடட்டும். உச்சிக்கு மேல வானம் பாக்கி. நீலம் உங்ககிட்டதானே இருக்கு..."