ஒன்பது விரல் நிழல்

நிழல்மீட்பியைச் சுவரோரம் நிறுத்தியதும் முகப்புக்கூடத்தில் கூடியிருந்தவர்கள் செல்பேசிகளைத் தூக்கிப் பிடித்தார்கள். பஞ்சாலையாக இருந்து அடுக்குமாடிக் குடியிருப்பாக மாறிய கட்டடம் அது. கூடத்தைப் புதுப்பிக்கும்போது பளிங்கு வேண்டாம், பழைய சுண்ணாம்புச் சுவரே இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மருதாசலம். சுண்ணாம்பில் விழுந்த வெளிச்சம் தடம் விட்டுப்போகும். கருவி அந்தத் தடங்களைப் பிரித்து, கேட்ட நாளின் நிழல்களை மறுபடி நடமாடவிடும்.

அவருக்கு வேண்டியது அந்த ஆலையில் வேலை பார்த்த அப்பா கந்தப்பனின் நிழல். வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள் யாரோ காட்டிக்கொடுத்ததில், முன்னின்ற ஒன்பது பேரில் ஏழு பேருக்கு வேலை போனது. தப்பிய இருவர் கந்தப்பனும் அவர் கூட்டாளி பொன்னுரங்கமும். காட்டிக்கொடுத்தது பொன்னுரங்கம்தான் என்றார் அப்பா. எல்லோரும் நம்பினார்கள், பொன்னுரங்கம் வீட்டில் அதன்பின் யாரும் கை நனைக்கவில்லை. வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர்களுக்காகக் கூடத்தில் மாட்டிய பெயர்ப்பலகையில் தன் அப்பாவையும் சேர்க்கும்படி மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பொன்னுரங்கத்தின் மகள் தெய்வானை கேட்டபோது, மருதாசலம் முகத்துக்கு நேராக மறுத்தார். அந்த முந்தின நாளையே மீட்கச் சொன்னவரும் அவர்தான்.

நிழல்கள் அசைந்தன. இயந்திர இரைச்சலில் பேச்சு எடுபடாது என்பதால் ஆலைக்காரர்கள் கைஜாடையில் பேசுவார்கள்; ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு ஜாடை உண்டு. வீட்டிலும் அதே பழக்கம் என்பதால் பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

ஒரு கையில் சுண்டுவிரல் இல்லை. அப்பாதான். எதிரே தலைப்பாகை கட்டிய மேஸ்திரி. அப்பாவின் விரல் காதைத் தொட்டது: கடுக்கன் மாரப்பன். கன்னத்தைத் தொட்டது: அம்மைத்தழும்பு நஞ்சப்பன். இப்படியே ஏழு பேர். மீசையை முறுக்கினால் பொன்னுரங்கம். அது மட்டும் வரவேயில்லை. பழி சுமக்க ஓர் ஆள் மிச்சம் வேண்டியிருந்தது என்பது மருதாசலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் தன்னையும் ஏமாற்றிய கை அது.

மற்றவர்களுக்கு அது நடனமாகத் தெரிந்தது. இந்தக் கைகளையே தினமும் ஓடவிடலாம் என்ற சங்கத் தலைவர், சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். முதலில் எழுந்தது தெய்வானையின் கை.

"ஓடட்டுங்கண்ணா," என்றாள் மருதாசலத்தைப் பார்த்து. "போகவர நாம ரெண்டு பேராவது பாப்போமுங்க."

மறுப்பவர்கள் உண்டா என்று தலைவர் கேட்டார். கை தூக்கினால் காரணம் சொல்ல வேண்டும். மருதாசலம் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.